‘பொருத்தமில்லை’ என்பது பதிலாகாது

நாசரேத் மர்காஷிஸ் கல்லூரியில் படித்துவிட்டுத் தூத்துக்குடியின் சரக்கு நிறுவனங்களுக்கும் சென்னைக்கும் நேர்காணலுக்குச் செல்லும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “தகவல் சொல்லி அனுப்புகிறோம்.” அந்தத் தகவல் வருவதில்லை. குறை தம் விடையிலா, தம் ஊரையும் குடும்பத்தையும் விசாரித்தவரின் மனத்திலா என்பதை அவரால் பிரித்தறிய இயலாது.

இந்த ஐயம் கற்பனையன்று. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றாயிருந்தும், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்குரியதில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்தபோது, ‘குடும்பப் பின்னணி’யை விசாரிப்பது தகுதியறியும் வழியாகவே அவர்களிடம் நிலவியது தெரியவந்தது.

எனவே, நேர்காணலுக்குப் பின் காரணம் கூறுவதை வெறும் நாகரிகமாக நாம் கருதவில்லை; அது பாகுபாட்டுக்கு இடும் தடை. “ஆளுமை போதவில்லை” என்பது எதையும் மறைக்கும் சொல். “சுங்க ஆவணங்கள் குறித்த மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடையில்லை; அப்பகுதியைப் படித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்” என்பது பயனுள்ள பதில். முன்கூட்டியே அறிவித்த அளவுகோல், நேர்காணலில் கண்டது, இனிச் செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். எழுத்தில் காரணம் தர வேண்டியவர் சாதியையோ பேச்சுவழக்கையோ காரணமாக எழுத முடியாது.

நீதிமன்றமும் இதை உணர்ந்திருக்கிறது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், இரண்டு மூன்று நிமிடங்களில் பெற்றோரையும் இருப்பிடத்தையும் மட்டுமே கேட்டதாக மாணவர்கள் முறையிட்டனர். நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் ஒதுக்கலாகாது என்றும், நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

அரசு அலுவலகம் தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. முறையாக விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனங்களை இச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அவை ஆள் எடுக்க நம் கல்லூரிகளுக்கு வருகின்றன. தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் எழுத்தில் காரணம் தரும் நிறுவனத்துக்கே வளாகத்தில் இடமளிக்க வேண்டும் என்று வேலைவாய்ப்புப் பிரிவுகளிடம் மாணவர் அமைப்புகள் இவ்வாண்டே கோர வேண்டும்.