பிள்ளைக்கு ஏவறை எடுத்தல்: உம்மாவுக்கு மட்டுமான வேலையா?

பிரசவம் முடிந்து நாற்பது கழியும் வரை ஓர் இளம் தாய் கேட்கும் அறிவுரைகளுக்குக் கணக்கில்லை. பிள்ளை கொஞ்சம் பால் கக்கினால் போதும், "ஏவறை எடுக்காமல் கிடத்திட்டியா?" என்ற கேள்வி மாமியிடமிருந்தோ மூத்தம்மாவிடமிருந்தோ வந்துவிடும். ஏவறை எடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது எதற்காக, எவ்வளவு நேரம் என்பது தெரியாதபோது தாய்க்கு வீண் பயமாகவும், சில வேளை பிள்ளைக்கு ஆபத்தாகவும் மாறிவிடுகிறது.

பால் குடிக்கும்போது பிள்ளை காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. மார்பைச் சரியாகக் கவ்வாதபோதும், அழுதழுது குடிக்கும்போதும், போத்தலில் குடிக்கும்போதும் இது அதிகம். அந்தக் காற்றினால் வயிறு உப்பிப் பிள்ளை நெளியும். இரைப்பையின் வாயை மூடும் தசையும் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் பலப்பட்டிருக்காது. அதனால் காற்று மேலே வரும்போது கொஞ்சம் பாலும் சேர்ந்து வரும். எடை ஒழுங்காகக் கூடும் பிள்ளை இப்படிக் கக்குவது நோயல்ல.

ஏவறை எடுக்க மூன்று முறைகள் உண்டு. பிள்ளையைத் தோளில் சாய்த்து, கழுத்தைத் தாங்கியபடி முதுகைத் தடவலாம். மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் நெஞ்சையும் நாடியையும் தாங்கலாம்; தொண்டையை அழுத்தக் கூடாது. அல்லது தலை சற்று உயர்ந்திருக்க மடியில் குப்புறக் கிடத்தலாம். உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டினால் போதும். சில நிமிடங்களில் வராவிட்டால் விட்டுவிடலாம். பலமாக அடிப்பதால் பயனில்லை. குலுக்குவதோ மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியது.

இந்தியாவின் சண்டிகாரில் 71 தாய்மாரையும் அவர்களது குழந்தைகளையும் மூன்று மாதங்கள் அவதானித்த ஓர் ஆய்வில், ஏவறை எடுத்ததால் வயிற்றுவலி அழுகை குறையவில்லை; பால் கக்குவது கூடியே இருந்தது. ஒரு சிறிய ஆய்வை வைத்து வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஏவறை வராத இரவில் தாய் குற்றவாளியல்ல என்பதை வீட்டார் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பால் புரையேறும் என்று பயந்து சிலர் பிள்ளையைக் குப்புறத் தூங்க வைக்கின்றனர். இது தவறு. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், மேலே வரும் பால் திரும்ப உணவுக்குழாய்க்கே இறங்குகிறது. குழந்தைகளை மல்லாத்தித் தூங்க வைக்குமாறு அமெரிக்காவில் 1994இல் பிரசாரம் தொடங்கிய பின்னர், அங்கு தூக்கத்தில் நிகழும் திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

கிரைப் வோட்டரும் தேவையில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது நச்சுக் கிருமி நோயை உண்டாக்கலாம்.

பச்சை நிறத்தில் அல்லது இரத்தத்துடன் சத்தி எடுத்தல், ஒவ்வொரு முறையும் பால் பீறிட்டு வெளியேறுதல், எடை கூடாமை, சிறுநீர் குறைதல், காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஏனைய சந்தேகங்களை வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

இறுதியாக வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. பாலூட்டுவது உம்மாவால் மட்டுமே முடியும். ஆனால் பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்க எவராலும் முடியும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பத்து நிமிடத்தை வாப்பா பொறுப்பெடுத்தால் உம்மாவுக்கு அது பெரும் ஆறுதல். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த ஸுன்னாவை உயிர்ப்பிக்க இதைவிட இலகுவான சந்தர்ப்பம் வேறென்ன இருக்கிறது?