பிந்தி வருவோருக்கும் ஒரு விதி வேண்டும்

விளையாட்டுப் போட்டியொன்றின் நேர்மை மைதானத்தில்தான் பரீட்சிக்கப்படுகின்றது என்பது பொதுவான எண்ணமாகும். ஆனால் முதலாவது பந்து வீசப்படுவதற்கு முன்னரே, அணிகளின் பெயர் பதியப்படும் மேசையிலேயே அந்தப் பரீட்சை ஆரம்பமாகிவிடுகின்றது. இறுதித் திகதி கடந்த பின்னர் வந்து சேரும் விண்ணப்பத்தை என்ன செய்வது என்ற கேள்வி, சிறிய கழகங்களின் செயலாளர்களை ஆண்டுதோறும் சங்கடத்தில் ஆழ்த்தி வருகின்றது. சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் விடுமுறை நாட்களில் நடைபெறும் மென்பந்து கிரிக்கெட், கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளும் இதற்கு விதிவிலக்கல்ல.

இக்கேள்விக்குத் தெளிவான விடை கண்டிருப்பவர்களுள் 'கார்ட்' எனப்படும் சிறிய பந்தயக் கார்களை ஓட்டும் பொழுதுபோக்குக் கழகத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி உருவாக்கிய சிறு வாகனத்திலிருந்தே இவ்விளையாட்டு தோன்றியது. நம் நாட்டில் இரத்தினபுரி மாவட்டத்திற்கு அயலிலுள்ள களுத்துறை மாவட்டத்தின் பண்டாரகமவில் இதற்கான ஓடுதளம் அமைந்துள்ளது. தோட்டப்புற இளைஞர்களுக்கு இது எட்டாத செலவுடைய விளையாட்டு என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் விதிகளைக் கற்றுக்கொள்வதற்குச் செலவு எதுவுமில்லை.

கார்ட் பந்தயத்தில் போட்டியாளர் பட்டியல் என்பது வெறும் பெயர்க்கோவை அல்ல. ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வாகனங்கள் ஓடலாம் என்பதற்கு எல்லை உண்டு. அப்பட்டியலை வைத்தே சுற்றுகள் பிரிக்கப்படுகின்றன. யார் எந்த வரிசையில் புறப்படுவது என்பது தீர்மானிக்கப்படுகின்றது. வாகனப் பரிசோதகர்களும் கொடி காட்டுவோரும் எத்தனை பேர் தேவை என்பது கணக்கிடப்படுகின்றது. கடைசி நேரத்தில் ஒரு பெயர் சேர்க்கப்பட்டால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் அசைகின்றன. அதன் சுமை, உரிய நேரத்தில் பதிந்தவர்கள் மீதே விழுகின்றது.

ஆகவேதான் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனத்தின் விளையாட்டு விதிக்கோவை, பதிவு முடிவடையும் திகதியும் நேரமும் போட்டியின் துணை விதிகளில் முன்கூட்டியே குறிப்பிடப்பட வேண்டும் என வலியுறுத்துகின்றது. சர்வதேசப் போட்டிகளுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்னர் பதிவு முடிவடைதல் வேண்டும். ஏனைய போட்டிகளுக்கு அக்கால எல்லையைக் குறைத்துக்கொள்ளலாம். வெற்றிடம் ஏற்பட்டால் மாத்திரம் இடமளிக்கப்படும் என்ற நிபந்தனையுடன் ஒரு விண்ணப்பத்தை ஏற்பதற்கும் அவ்விதிக்கோவை வழிவிடுகின்றது.

நடைமுறையில் கழகங்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது, பிந்தியவரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடுவது. இரண்டாவது, அவரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து, எவரேனும் விலகினால் வந்த ஒழுங்கின்படி அழைப்பது. மூன்றாவது, இடமிருந்தால் அனுமதித்து, புறப்படும் வரிசையின் கடைசியில் நிறுத்துவது. இம்மூன்றாவது வழியின் நியாயம் சிந்திக்கத்தக்கது. முன்னர் குலுக்கலில் கிடைத்த இடத்தை எவரும் இழப்பதில்லை. தாமதத்தின் விலையைத் தாமதித்தவரே செலுத்துகின்றார். அதேவேளை போட்டியிடும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்படுவதுமில்லை.

ஆனால் எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் விட்டுக்கொடுக்கப்படாத விடயங்களும் உண்டு. வாகனப் பரிசோதனையும் ஓட்டுநர்களுக்கான அறிவுறுத்தல் கூட்டமும் அத்தகையவை. அவசரத்தில் இவற்றைத் தவிர்ப்பது உயிருடன் விளையாடுவதாகும். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்கள் மத்தியில் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அந்த அனர்த்தத்துக்கும் பதிவுத் தாமதத்துக்கும் தொடர்பில்லை. எனினும் மோட்டார் விளையாட்டில் முன்னேற்பாடு என்பது சம்பிரதாயம் அல்ல என்பதை அது நாடு முழுவதற்கும் உணர்த்தியது.

இனி நமது மைதானங்களுக்கு வருவோம். அட்டவணை தயாராகி, போட்டிக்கு முதல் நாள் மாலையில் ஓர் அணி வந்து நிற்கின்றது. அனுசரணையாளருக்கோ அரசியல் பிரமுகருக்கோ வேண்டியவர்கள் என்றால் அட்டவணை திருத்தப்படுகின்றது. பின்தங்கிய ஒரு பிரிவின் இளைஞர்கள் என்றால் திகதி முடிந்துவிட்டது எனத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். இவ்வாறு நடைபெறும் இடங்களில் பாதிக்கப்படுவது விளையாட்டு மட்டுமல்ல. மாவனல்லை, பலாங்கொடை, இறக்குவானை போன்ற பிரதேசங்களில் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் ஒரே மைதானத்தில் சந்திக்கின்றனர். ஓர் அணிக்குக் காட்டப்பட்ட சலுகை மற்றைய அணிக்கு மறுக்கப்படும்போது, அது செயலாளரின் பலவீனமாக அன்றி ஒரு சமூகத்தின் பாரபட்சமாகவே பேசப்படும். எழுதப்படாத விதி சந்தேகத்திற்கு இடமளிக்கின்றது.

மறுபுறம், தாமதம் எல்லாம் அலட்சியத்தின் விளைவு என்று முடிவு கட்டுவதும் தவறாகும். லயன் குடியிருப்புகள் பலவற்றுக்கு இன்றும் தனித்தனி முகவரி இல்லை. தோட்டக் காரியாலயத்திற்கு வரும் கடிதம் உரியவரின் கையைச் சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிடுகின்றன. விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டச் செல்பவரோ, கொழுந்து மலையில் நிற்பவரோ காரியாலய நேரத்தில் நகரத்திற்கு வந்து பெயர் பதிவது எளிதன்று.

காலக்கெடு என்ற சொல்லுக்கு மலையக மக்களின் வரலாற்றில் கசப்பான பொருளும் உண்டு. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே வழங்கப்பட்டன. அந்த வாசல் 1951 ஆகஸ்ட் 5 ஆம் திகதி மூடப்பட்டது. ஆரம்பத்தில் பகிஷ்கரிப்பில் ஈடுபட்டிருந்த சமூகம், எஞ்சிய குறுகிய காலத்துக்குள் ஆவணங்களைத் தேடி அலைய நேரிட்டது. நாடற்றோர் என்ற நிலையை முற்றாக நீக்குவதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. விளையாட்டுப் பதிவை இதனுடன் ஒப்பிட முடியாது. ஆயினும் அறிவித்தல் சென்றடையாத இடத்தில் இறுதித் திகதியை மாத்திரம் கண்டிப்பாக அமுல்படுத்துவது நீதியாகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

எனவே நமது கழகங்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இறுதித் திகதியையும் பிந்தியோருக்கான விதியையும் ஒரே அறிவித்தலில் வெளியிட வேண்டும். அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கொழுந்து மடுவத்திலும் கோயில், பள்ளிவாசல், பன்சலை வாயில்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டுவதோடு, வட்ஸ்அப் குழுக்களிலும் பகிரலாம். தொலைபேசி மூலமான பதிவை ஏற்று, கட்டணத்தைப் போட்டி நாளன்று பெற்றுக்கொள்ளலாம். அட்டவணையில் ஓரிரு இடங்களைக் காத்திருப்போர் பட்டியலுக்கென ஒதுக்கலாம். மேலதிகக் கட்டணம் வசதி படைத்தோருக்குச் சலுகையாகவும், நாட்சம்பளத்தில் வாழ்வோருக்குத் தண்டனையாகவும் அமையும் என்பதால், அதனைத் தவிர்த்துக் கடைசி வரிசை முறையையே கைக்கொள்வது பொருத்தம். குலுக்கல் முடிந்த பின்னர் எவருக்காகவும் அட்டவணையை மாற்றலாகாது.

இரக்கம் காட்டுவது தவறல்ல. அந்த இரக்கம் செயலாளரின் மனநிலையில் தங்கியிருக்காமல், எல்லோரும் வாசிக்கக்கூடிய விதியில் இடம்பெற வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. அப்போதுதான் கடைசியில் வந்து கடைசி வரிசையில் நிற்கும் இளைஞனும், உரிய நாளில் வந்து முன்வரிசையில் நிற்கும் இளைஞனும் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் விளையாட முடியும்.