சந்தேகமும் ஒரு நோய்தான்!

'ஆளவந்தான்' படம் பார்த்த பலருக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. கமல்ஹாசன் மொட்டைத் தலையோடு நந்துவாக வருவார். சின்ன வயதில் சித்தியிடம் பட்ட கொடுமையால் மனம் சிதைந்தவன் நந்து. சகோதரனின் மனைவியாக வருபவளையும் அதே சித்தியாகப் பார்த்து, கொல்லத் துரத்துவான். 2001 நவம்பரில் வந்த படம். இன்றைக்கும் அதை டி.வி.யில் பார்த்து மிரள்பவர்கள் உண்டு.

அனகாபுத்தூரில் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் அம்மாவும் அப்படித்தான் மிரண்டு போயிருந்தார்.

"டாக்டர், என் பையனும் அந்தப் படத்துல வர்ற மாதிரி ஆயிடுவானா? ராத்திரியில எங்களையே ஏதாவது பண்ணிடுவானா?"

பையனுக்கு 24 வயது. ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் சோற்றைத் தொடுகிறான். தாயத்து கட்டிப் பார்த்தாயிற்று. "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்று உறவினர்கள் வேறு!

இது பேயும் இல்லை, திமிரும் இல்லை. மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். சித்த மருத்துவம் மனநோய்களைக் 'கிரிகை' என்று 18 வகையாகப் பிரித்துச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? எது முக்கியம், எது சாதாரணம் என்று நமக்குப் பிரித்துக் காட்டுவதில் மூளையிலுள்ள டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தாறுமாறானால், தெருவில் யாரோ இருமுவதுகூடத் தனக்கு விடும் சைகையாகத் தெரியும். பரம்பரை, கஞ்சாப் பழக்கம், சின்ன வயதுக் கொடுமை எல்லாம் இதற்கு வழிவிடலாம்.

சரி, அந்த அம்மாவின் பயம் நியாயமா? இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பயத்தில் ஒடுங்கித்தான் கிடக்கிறார்கள். படம் வெளிவந்த அதே 2001-ல், ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். திரையில் அவர்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். நிஜத்தில் நம்மிடம் சிக்கிச் செத்தவர்கள் அவர்கள்! 2017-ம் வருட மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது.

வீட்டில் எப்படிப் பேசுவது? "உனக்கென்ன பைத்தியமா?" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். "ஆமாம், அவங்க மோசம்தான்" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதுப்பா. தூக்கமே இல்லையே, டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சாகப் போகிறேன் என்றாலோ, யாரையாவது தாக்கப் போனாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

"இங்கிலீஷ் மருந்து வேணாம், நீங்களே மூலிகை கொடுங்க" என்றார் அந்த அம்மா. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பினை ஒரு காலத்தில் இந்த நோய்க்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அது ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரலாம். இன்று அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. வல்லாரை லேகியத்தால் மட்டும் இது தீராது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். பையன் இன்னும் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பயமும் முழுசாகப் போகவில்லை.

"ஆனா டாக்டர், இப்பல்லாம் நான் முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லே" என்றார்.