முதல் பொறி எங்கிருந்து வந்தது?

சீராக இயங்கும் இதயத்தில் மின் அலை ஓரிடத்தில்தான் பிறக்கும். வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் கிளம்பி, இரண்டு மேலறைகளிலும் பரவி, கீழறைகளுக்கு இறங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள். அலைகள் பிளக்கின்றன, மோதுகின்றன, அணைந்து மறுபடி முளைக்கின்றன. மேலறை சுருங்குவதற்குப் பதில் நடுங்குகிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இந்தக் குழப்பத்தை வரைபடமாக்குவது எப்படி? பல சிற்றலைகள் ஓயாமல் அலைகின்றன என்றார் அமெரிக்கரான கோர்டன் மோ. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் மௌரிட்ஸ் அலெஸி, நாயின் இதயத்தில் மின்முனைகளைப் பொருத்தி, 1985-இல் அந்த அலைகளைப் பதிவு செய்து காட்டினார். எங்கும் அலைகள் என்றால் எதைக் குறிவைப்பது? அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் மேலறைகளையே வெட்டித் தைத்து, அலைகள் சுற்றிவர இடமில்லாமல் செய்தார். பலன் தந்தது, ஆனால் நெஞ்சைத் திறந்து செய்யும் பெரிய அறுவை.

பிரான்சின் பொர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் கேள்வியையே மாற்றினார்கள். நடுக்கத்தை விட்டுவிட்டு, அதைத் தொடங்கிவைக்கும் முதல் துடிப்பைத் தேடினார்கள். கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் வைத்துக்கொண்டு, அந்தத் துடிப்பு வரும்வரை காத்திருந்தார்கள். 1998-இல் வெளியான அவர்களின் முடிவு இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 45 நோயாளிகளிடம் கண்ட 69 தொடக்கப் புள்ளிகளில் 65, நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில். இடது மேலறையின் தசை, சட்டைக் கை போல அந்தச் சிரைகளுக்குள் நீண்டிருக்கிறது. பொறி கிளம்புவது அங்கிருந்துதான். சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு, மின்தொடர்பைத் துண்டிக்கும் இன்றைய சிகிச்சை இதிலிருந்து பிறந்தது.

நடுக்கம் நிலைத்துவிட்டவர்களிடம் கதை வேறு. முப்பரிமாண வண்ண வரைபடங்கள் வந்தன. சிக்கலான மின்குறிகள் தெரிந்த இடங்களையெல்லாம் கூடுதலாகச் சுட்டார்கள். 589 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப்.-2 ஆய்வில், சிரைகளை மட்டும் துண்டித்ததைவிட அதனால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. திரையில் மின்னும் நிறமெல்லாம் நோயின் வேராகிவிடாது. அது அங்கே சுட்டுப் பார்த்துத்தான் நிரூபணமாக வேண்டும்.

நடுக்கம் நீடிக்க நீடிக்க மேலறையே அதற்குப் பழகிவிடுகிறது. 1995-இல் மாஸ்ட்ரிக்டில் ஆடுகளிடம் இதை நிரூபித்தார்கள். ஆகவே, திடீரென்று வந்து தானே அடங்கும் தாறுமாறான படபடப்பை வாயுத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள். படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.