பெருநாள் குளிப்பும் வீட்டு நறுமணமும்

வெள்ளிக்கிழமைக் குளிப்பைப் பற்றி ஸல்மானுல் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியொன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஜும்ஆ நாளில் குளித்து, இயன்ற அளவு தூய்மை பேணி, எண்ணெய் பூசி, அல்லது தம் வீட்டிலுள்ள நறுமணத்தைத் தடவிக்கொண்டு தொழுகைக்குச் செல்பவர் அடையும் நற்பேற்றை அது எடுத்துரைக்கிறது. 'வீட்டிலுள்ள நறுமணம்' என்னும் சொற்றொடர் இங்குக் கவனிக்கத்தக்கது. ஒருவர் தம் இல்லத்தில் நறுமணப் பொருளைச் சேமித்து வைத்து, அதனை வழக்கமாகப் பயன்படுத்துவதும் சுன்னத் என்பதற்கு இது சான்று என ஹதீஸ் விரிவுரையாளர் சிலர் விளக்கியுள்ளனர். கடையில் வாங்கி வைப்பதும் இதில் அடங்கும். வீட்டிலேயே இடித்தும் அரைத்தும் ஆயத்தம் செய்வது இதற்கு இன்னும் நெருக்கமானது என்பது நமது கருத்து.

இதனை விரிவாக எழுதக் காரணம், சேரப்பணஞ்சேரியிலிருந்து நம்மிடம் வந்த ஒரு வினா. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஊர் அது. ஒரகடம் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பெண்கள் பலர் அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாடகை வீடுகளில் தங்கியுள்ளனர். கடற்கரையூர்களிலிருந்து வந்தவரும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். பெருநாளுக்கென அவர்கள் கூடி நலங்கு மாவு அரைத்தபோது, அதைப் பூசிக் குளித்தால் கடமையான குளிப்பு நிறைவேறாது என்று ஒருவர் கூற, நிறைவேறும் என்று மற்றொருவர் மறுக்க, நலங்கு என்பதே மார்க்கத்துக்குப் புறம்பானது என்று மூன்றாமவர் தடுத்திருக்கிறார். தொழுகை செல்லுமா என்ற ஐயமாக அது வளர்ந்துவிட்டது. அரைத்த மாவு டப்பாவிலேயே கிடக்கிறதாம்.

குளிக்கும் நீருடன் தாவரப் பொருளைச் சேர்ப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நன்கு அறிமுகமாயிருந்தது. அன்று அதற்குப் பயன்பட்டது 'ஸித்ர்' எனும் இலந்தையினத்து மரத்தின் இலை. இஸ்லாத்தைத் தழுவ வந்த கைஸ் பின் ஆஸிம் (ரலி) அவர்களை நீராலும் இலந்தை இலையாலும் குளிக்குமாறு அண்ணலார் பணித்ததாக அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ ஆகிய நூல்கள் கூறுகின்றன. மாதவிடாய்க்குப் பிந்திய குளிப்பைப் பற்றி அஸ்மா (ரலி) அவர்கள் வினவியபோதும் நீரும் இலந்தை இலையும் கொண்டு தூய்மை செய்து, தலை கழுவி, உடல் முழுதும் நீர் ஊற்றி, பின்னர் கஸ்தூரி தோய்ந்த துணித்துண்டைப் பயன்படுத்துமாறு விடை பகர்ந்ததை முஸ்லிமில் காண்கிறோம். தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரலி) அவர்களுக்கும் இலந்தை இலை கலந்த நீரையும், இறுதியில் கற்பூரத்தையும் பயன்படுத்துமாறே அவர்கள் கட்டளையிட்டார்கள்.

இலந்தை இலையை இடித்து நீரில் கசக்கினால் நுரை எழும். நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரையை உண்டாக்கும் ஸப்போனின் என்னும் பொருளே அதற்கும் காரணம். அரபு நாட்டார் இலந்தையோடு, 'உஷ்னான்' எனும் உவர்நிலச் செடியையும் கழுவப் பயன்படுத்தினர். அத்தகைய செடிகளை எரித்த சாம்பலுக்கு 'அல்கலீ' என்று பெயர். ஐரோப்பிய மொழிகளின் 'அல்கலி' என்ற வேதியியல் சொல் அதிலிருந்தே பிறந்தது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில், உணவுக்குப்பின் கை கழுவுவதற்கான நறுமணப் பொடிகளுக்கும் இடமுண்டு. சமைப்பதும் கழுவும் பொடி செய்வதும் அன்று ஓர் அடுக்களையின் இரு வேலைகளாயிருந்தன. நலங்கு மாவு அரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் இந்த நூலைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். செய்வது அதே வேலைதான்.

இனி மாவுக்கு வருவோம். இதன் அடிப்படை பாசிப்பயறு. அரைக் கிலோ பயறுக்கு, ஆவாரம்பூ 100 கிராம், காய்ந்த ரோஜா இதழ் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் வகைக்கு 50 கிராம் என்ற அளவு போதுமானது. இலந்தை இலை கிடைப்பின் உலர்த்தி ஒரு கைப்பிடி சேர்ப்பதை நாம் பரிந்துரைக்கிறோம். ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் வட்டாரத்தில் அது கிடைப்பது அரிதன்று. கிழங்குகளை வெயிலிலும், பூக்களையும் இலைகளையும் நிழலிலும் உலர்த்த வேண்டும். பூ வெயிலில் காய்ந்தால் மணமும் நிறமும் போய்விடும். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்காமல் கொடுத்தால் மில்லில் சிக்கிக்கொள்ளும். மிளகாய் அரைத்த கையோடு இதனை அரைக்கக் கொடுத்துவிடலாகாது. கோதுமையோ அரிசியோ அரைத்தபின் கொடுப்பதே முறை. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் எல்லா மில்களிலும் மிளகாய், மல்லி ஓயாது அரைபடுமாதலால், ரமளானின் நடுப்பகுதியிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நலம். அரைத்ததைச் சூடு ஆற்றி, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் படாத டப்பாவில் அடைத்தால் சில மாதங்கள் இருக்கும். கார்போக அரிசியைப் பலரும் தாராளமாகச் சேர்க்கின்றனர். வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடிய பொருள் அதில் உண்டு. குழந்தைகளுக்குரிய மாவில் அதனை விட்டுவிடுதல் வேண்டும்.

குளிப்பு நிறைவேறுமா என்பதுதான் முதல் வினா. மார்க்கச் சட்டத்தில் இது இரண்டு கேள்விகளாகப் பிரியும். ஒன்று நீரைப் பற்றியது; மற்றொன்று உடலில் படியும் பூச்சைப் பற்றியது.

நீரைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ மத்ஹபின் நிலை தெளிவானது. நீரிலிருந்து விலக்கிவைக்க இயலும் தூய பொருளொன்று அதில் கரைந்து, வெறுமனே 'தண்ணீர்' என்று சொல்ல முடியாத அளவுக்கு அதனை மாற்றிவிட்டால், அந்நீர் தூயதாக இருக்குமேயன்றித் தூய்மைப்படுத்தாது. அற்ப மாற்றம் பாதிப்பதில்லை. மாவு படிந்த பாத்திரத்து நீரில் அண்ணலாரும் மைமூனா (ரலி) அவர்களும் குளித்த செய்தியை உம்மு ஹானீ (ரலி) அறிவித்துள்ளார்கள். 1277-ல் மறைந்த இமாம் நவவீ அவர்கள் தமது மின்ஹாஜில் மற்றொரு நுட்பத்தையும் கூறுகிறார்கள். அகில் கட்டை, எண்ணெய் போன்று கரையாமல் நீருடன் இருப்பவற்றால் மணம் மாறினும் தடையில்லை. எனவே வாளி நீரில் இரு துளி அத்தர் எண்ணெய் மிதப்பதால் குறையொன்றுமில்லை. ரோஜா இதழைக் கசக்கிச் சாறு இறக்கினாலோ, மாவைக் கரைத்துக் கூழாக்கினாலோ நிலைமை வேறு. ஹனஃபி மத்ஹபில் இடம் சற்று விரிந்தது. 1197-ல் மறைந்த மர்கீனானீ அவர்களின் ஹிதாயாவில், சோப்பும் உஷ்னானும் கலந்து நீரின் பண்புகளில் ஒன்று மாறினாலும், நீரின் இளக்கம் கெடாதவரை அதனால் தூய்மை செய்யலாம் என்று காண்கிறோம். கடற்கரைப் பெண்ணும் ஆற்காட்டுப் பெண்ணும் வெவ்வேறு விடை சொன்னது இதனால்தான். இருவரும் தத்தம் இல்லத்தில் கேட்டதையே சரியாகச் சொல்லியிருக்கின்றனர்.

வேறுபாட்டுக்கு இடமில்லாத வழி ஒன்றுண்டு. மாவைப் பூசித் தேய்த்து முதலில் கழுவிவிட வேண்டும். அதன்பின் கடமையான குளிப்பின் நிய்யத்துடன், எதுவும் கலவாத தண்ணீரைத் தலைமுதல் கால்வரை ஊற்ற வேண்டும். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போதும் இலந்தை நீர் ஊற்றியதைக் கணக்கில் கொள்ளாமல், தொடர்ந்து தனி நீர் ஊற்றுவதையே ஷாஃபிஈ அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். இந்த வரிசையில் குளித்தால் இரு மத்ஹபினர்க்கும் ஐயமில்லை.

பூச்சைப் பற்றிய விடை நம் அரபிக் கல்லூரி மாணவர் அனைவரும் அறிந்த ஃபத்ஹுல் முஈனிலேயே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் எழுதிய நூல் அது. ஒளூவின் நிபந்தனைகளைக் கூறுமிடத்தில், மெழுகு, உறைந்த கொழுப்பு, மருதாணிப் பசை ஆகியன நீரைத் தடுப்பவை என்றும், ஓடும் எண்ணெயும் மருதாணியின் நிறமும் தடுப்பவை அல்ல என்றும் அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். குளிப்புக்கும் இதுவே அளவுகோல். கஸ்தூரி மஞ்சளின் நிறம் தங்கினால் கவலையில்லை. நகக்கண்ணிலும் காதுமடலிலும் காய்ந்த மாவு ஒட்டியிருந்தால் கழுவ வேண்டும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்போர் அஞ்ச வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்திருந்தால் உருக்கிப் பூசிக்கொள்க.

பன்னீர் குறித்து ஒரு சொல். பன்னீர் வடித்தலைக் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனா என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் பிறந்தது 980-ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்த அல்கிந்தீ நறுமணங்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். மணத்துக்காகப் பன்னீரைக் குளித்தபின் தெளித்துக்கொள்ளலாம். பன்னீரை மட்டும் ஊற்றி நிறைவேற்றும் குளிப்பு இரு மத்ஹபிலும் செல்லாது. இப்போது பரவிவரும் குளியல் உருண்டைகளையும் சிலர் கேட்கின்றனர். சமையல் சோடா இரு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு சேர்த்து, நறுமண எண்ணெயிட்டு உருட்டுவது அது. 1989-ல் இங்கிலாந்தில் உருவான பொருள். நீர்த்தொட்டியில் அமிழ்ந்து குளிப்போர்க்கே அது பயன்படும். வாளியும் குவளையும் உள்ள வீட்டில் அதற்கு வேலையில்லை. கால் கழுவும் நீரில் வேண்டுமானால் கரைக்கலாம்.

நலங்கு மார்க்கத்துக்குப் புறம்பானதா? மாவு வேறு, நலங்கு எனும் சடங்கு வேறு. மணமக்களைச் சுற்றி நிகழும் ஆடம்பரத்தையும், ஆண்–பெண் கலப்பையும் அறிஞர்கள் கண்டிப்பது நியாயம். அந்தக் கண்டனம் பயற்றம் மாவுக்கும் வெட்டிவேருக்கும் சேராது. பெயரைக் கண்டு பொருளை விலக்குவது மார்க்க அறிவன்று. ஆண்களுக்கு மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்களின் நறுமணம் மணம் வெளிப்பட்டு நிறம் மறைந்தது என்று திர்மிதீயில் வருவதால், அவர்களுக்கு மஞ்சள் நீக்கிய மாவைத் தனியே அரைப்பதே சிறந்தது.

ஆலைப் பணிக்குச் செல்வோர்க்குப் பயன்படும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆ குளிப்பு, தொழுகைக்கு வருவோர்க்கே சுன்னத். அதன் நேரம் ஃபஜ்ரிலிருந்து தொடங்கும். பெருநாள் குளிப்போ, அது அலங்கார நாள் என்பதால், திடலுக்கு வருவோர், வராதோர் அனைவர்க்கும் சுன்னத். அதன் நேரம் நள்ளிரவிலேயே தொடங்கிவிடும். ஆகவே பெருநாளன்று விடியற்காலை ஆலைப் பேருந்து பிடிக்க வேண்டியவர், நள்ளிரவுக்குப்பின் எழுந்து மாவு தேய்த்துக் குளித்தாலும் அந்தச் சுன்னத் நிறைவேறும்.