தொழிற்சாலை விபத்தும் நஷ்டஈட்டிற்கு அப்பாற்பட்ட பரிகாரங்களும்

அறுவடை முடிந்து நிலம் காயும் மாதங்களில் கூலி நாடிச் செல்லும் குடியானவர் குமாரர்களுக்கு வடசென்னைத் தொழிற்பகுதி நெடுங்காலமாக ஒரு புகலிடமாக இருந்து வருகிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற திருவொற்றியூர் விம்கோ நகர் முதல் எண்ணூர், மணலி வரையில் உள்ள தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் கிராமத்து ஆட்கள் பலர் உழைக்கின்றனர். அங்கே ஒருவன் யந்திரத்தில் அகப்பட்டுக் கையை இழந்தால், அவனுடைய ஊரில் பயிர்ச் செலவிற்கும் கடனுக்கும் ஆதாரமான வருவாய் அன்றே நின்றுவிடுகிறது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணூர் அனல் மின்நிலையக் கட்டுமான இடத்தில் இரும்புக் கட்டுமானம் சரிந்து, பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் 9 பேர் மாண்டனர்.

இத்தகைய துன்பத்தில் குடும்பத்தார் பெரும்பாலும் நஷ்டஈடு ஒன்றையே அறிவர். சட்டம் வேறு பரிகாரங்களையும் அளித்துள்ளது. ஆயினும் ஒரு வாயிலில் நுழைந்தபின் மற்றொரு வாயில் அடைபடுவதுண்டு. ஆகையால் எந்தத் தாளிலும் கையொப்பம் இடுவதற்கு முன்னரே இவற்றை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நஷ்டஈடு

1923ஆம் வருஷத்திய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமுலில் இருந்து வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. அடிப்படைக் கொள்கை மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும்; முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டுவதில்லை. மரணம் நேரின், மாதச் சம்பளத்தில் பாதியை வயதிற்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கித் தொகை கணக்கிடப்படும். 25 வயதிற்கு அவ்வெண் 216.91. மாதம் ரூ.14,000 பெற்றவனாயின், ரூ.7,000ஐ அதனால் பெருக்க ரூ.15,18,370 ஆகும்.

முதலாளி தமது தொழிலின் பகுதியாகிய வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தாலும் பொறுப்பினின்று நீங்கார். மரணத்திற்குரிய தொகையை அவர் அதிகாரியிடம் கட்டவேண்டுமேயன்றிக் குடும்பத்தார் கையில் நேரே கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது.

சிவில் கோர்ட்டு வழக்கு

முதலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்திருப்பின், சிவில் கோர்ட்டில் நஷ்டத்திற்கு வழக்குத் தொடரலாம். இறந்தவனுடைய மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்காக 1855ஆம் வருஷத்திய மரண விபத்துச் சட்டம் இவ்வுரிமையை வழங்குகிறது. இதற்குக் கெடு மரண தேதியிலிருந்து 2 ஆண்டுகள். உடன் வேலை செய்தவனின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் பழைய வாதத்தை 1938இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் தள்ளிவிட்டது.

இங்கே தொகை அட்டவணையால் கட்டுப்படுவதில்லை. ஆனால் தவற்றை நிரூபிக்கும் பாரம் வாதியைச் சேர்ந்தது. காலமும் செலவும் மிகுதி. இவ்விரண்டில் ஒன்றையே பற்றலாம் என்பதை மறத்தலாகாது. நஷ்டஈடு கோரி அதிகாரியிடம் மனுச் செய்தவன் அதே காயத்திற்குச் சிவில் வழக்குத் தொடர இயலாது. சிவில் வழக்குத் தொடர்ந்தவனுக்கு நஷ்டஈட்டு உரிமை இல்லை. கவனக்குறைவிற்கு வலுவான சாட்சியம் இல்லாதவர்க்கு நஷ்டஈட்டு மனுவே பத்திரமானது.

இ.எஸ்.ஐ. பெற்றவர்

தொழிலாளி இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்ந்தவனாயின், மருத்துவ உதவியும் ஊனத்திற்கோ மரணத்திற்கோ உரிய மாதாந்தரத் தொகையும் அங்கிருந்தே கிடைக்கும். அவன் முதலாளியின் மீதோ அவருடைய ஊழியர் மீதோ வேறு நஷ்டம் கோரலாகாது என்று சட்டம் தடுத்துள்ளது. 1997இல் சுப்ரீம் கோர்ட்டும் இத்தடையை உறுதிப்படுத்திற்று. ஆகவே சம்பளத்தில் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டதா என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும்.

மூன்றாமவர் தவறு

துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் மிகுந்த அப்பகுதியில் வேலையின்போது வண்டி மோதிக் காயமுறுவதும் உண்டு. அப்பொழுது 1988ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து டிரிப்யூனலையோ, நஷ்டஈட்டு அதிகாரியையோ நாடலாம், இரண்டையும் நாடலாகாது. டிரிப்யூனல் மனுவிற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதக் கெடு விதிக்கப்பட்டுள்ளது.

விஷவாயு முதலிய ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழில் விஷயத்தில் ஒரு தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. 1985 டிசம்பரில் டில்லி உரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது பற்றி 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, அத்தகைய தொழில் நடத்துவோர் உள்ளே உழைப்பவருக்கும் அருகில் வசிப்பவருக்கும் எவ்வித விலக்குமின்றிப் பொறுப்பாளிகள் என்று கூறிற்று. எனினும் 1991ஆம் வருஷத்திய பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் தவறு பாராத பொறுப்பும் அக்கம்பக்கத்தார்க்கே உதவும். தொழிலாளிகள் அவற்றினின்று விலக்கப்பட்டுள்ளனர்.

அபராதத்தில் பங்கு

பாதுகாப்புக் கடமையை முதலாளி மீறியதால் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்தால், தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி கிரிமினல் வழக்கு நடக்கும். விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைக் காயமுற்றவருக்கோ வாரிசுகளுக்கோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். கட்டுமானத் தொழிலாளி நலவாரியத்தில் பதிவு பெற்றிருந்தால் அங்கும், குடும்பம் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் தாலுகா ஆபீஸிலும் விபத்து உதவிக்கு மனுச் செய்து பார்த்தல் நலம்.

உடனே செய்யத் தக்கவை

1. விபத்தை முதலாளிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுதல்.
2. போலீஸ் முதல் தகவல் அறிக்கை, வைத்தியச் சான்று, சம்பளச் சீட்டு, வேலை அடையாளச் சீட்டு ஆகியவற்றைச் சேகரித்தல்.
3. உடனிருந்தோர் ஊர் திரும்புமுன் அவர்களுடைய பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொள்ளுதல்.
4. நஷ்டஈட்டு மனுவை 2 ஆண்டுகளுக்குள் கொடுத்தல். மனுதாரர் வசிக்கும் ஜில்லாவிலேயே கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டுவதில்லை.
5. வழியைத் தெரிந்தெடுக்குமுன் ஜில்லா சட்ட உதவிக் குழுவைக் கலந்துகொள்ளுதல். 1987ஆம் வருஷத்திய சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வக்கீல் உதவி இலவசம். டெலிபோன் எண் 15100.

குடியானவர்கள் மற்றொன்றையும் கருதவேண்டும். தமது நிலத்தில் டிராக்டரோ, விசையால் ஓடும் வேறு யந்திரமோ கொண்டு வேலை செய்யக் கூலிக்கு அமர்த்திய ஆளும் நஷ்டஈட்டிற்கு உரியவனே. பட்டணத்து முதலாளியிடம் தம் மகனுக்காகக் கோரும் நியாயத்தைத் தம் களத்தில் உழைப்பவனுக்கும் அளித்தல் முறையாகும்.