சட்டித் தயிர் பழுதானதை அறிவது எப்படி?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியிலிருந்து வரும் எருமைத் தயிருக்கு நாட்டில் நல்ல பெயருண்டு. ஆயினும் அதனை விற்கும் தாய்மாரின் சிறு வருமானத்தைக் கரைப்பவை திரும்பி வரும் சட்டிகளே. "தண்ணி விட்டுட்டு", "மஞ்சளாக் கிடக்கு", "புளிச்சுப்போச்சு" என்று வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அதேவேளை, மெய்யாகவே பழுதான தயிரில் சீனியைத் தாராளமாகப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். இரண்டாலும் நட்டமடைவது ஏழைக் குடும்பமே. ஆகையால் எது பழுது, எது பழுதன்று என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அந்தத் தண்ணீர். தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீர் பாலிலேயே உள்ளது. எவரும் ஊற்றிக் கலந்ததாக எண்ண வேண்டியதில்லை. கரண்டி பட்டாலும், பயணத்தில் சட்டி குலுங்கினாலும், வெக்கை கூடினாலும் அது பிரியும். அதன் இலேசான பச்சை மஞ்சள் நிறம் ரைபோபிளேவின் என்ற உயிர்ச்சத்தினால் வருவது. அதனை ஊற்றிவிடாமல் கலந்து உண்பதே நல்லது. மண்சட்டி இந்த நீரில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால்தான் சட்டித் தயிர் இறுகி நிற்கிறது. மஞ்சள் நிறத்தைக் கண்டும் பயப்படத் தேவையில்லை. எருமைப்பால் வெண்மையானது, பசுப்பால் கலந்தால் ஆடை மஞ்சளாகும். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 பங்களவிலும், பசுப்பாலில் 4 பங்களவிலும் இருக்கும். எருமைத் தயிர் என்று சொல்லி விற்றால் அது நேர்மையைப் பற்றிய கேள்வி, உடல்நலத்தைப் பற்றியதன்று. புளிப்போ தயிரின் காவல். பாலிலுள்ள சீனியைப் பற்றீரியாக்கள் புளிப்பாக மாற்றுவதால்தான் வேறு பல கிருமிகள் அங்கே வளர முடியாமற் போகின்றன. அதிகம் புளித்த தயிரை மோராக்கலாம், மோர்க் குழம்பும் வைக்கலாம்.

இனி மெய்யான அடையாளங்கள். தயிரை வெட்டிப் பாருங்கள். உள்ளே கடற்பஞ்சு போலச் சிறு துளைகள் நிறைந்திருந்தாலோ, தயிர் வெடித்து நுரைத்து மேலெழுந்திருந்தாலோ உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. கள்ளுக் கொட்டிலில் வருவது போன்ற மணமும் சேர்ந்தால், மதுவம் என்ற நுண்ணுயிர் புகுந்திருக்கிறது. கள் மணமின்றித் துளைகள் மாத்திரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாணமோ கழுவாத கையோ அழுக்குத் தண்ணீரோ பாலைக் காய்ச்சிய பின்னர் பட்டிருக்கலாம். விரலில் நூல் போல இழுபடும் வழுவழுப்பு, இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் புள்ளிகள், நாவில் தங்கும் கசப்பு, பழைய தேங்காய் எண்ணெயின் காறல் மணம் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அச்சட்டி உணவுக்கு உதவாது.

பூஞ்சணம் பற்றி ஒரு வாதம் எப்போதும் எழும். மேலே பஞ்சு போலப் படர்ந்ததை வழித்தெறிந்துவிட்டால் அடியில் உள்ளது நல்லதுதானே என்பார்கள். நகரத்து வீடுகளில் சீஸ் கட்டிக்கு அப்படிச் செய்வதுண்டு. கெட்டியான சீஸில் பூஞ்சணத்தைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்ணலாம். பிரான்ஸ் நாட்டின் ரொக்ஃபோர் சீஸில் நீலப் பூஞ்சணத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அது தெரிந்தெடுத்த இனம். தயிரோ மெதுமையானது, நீர் நிறைந்தது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கிவிடும். அது மாத்திரமன்று, பூஞ்சணம் புளிப்பையே தின்று குறைப்பதால் மற்றக் கிருமிகளுக்கு வாசல் திறந்துவிடும்.

இத்தனையும் கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் எட்டுபவை. எட்டாதவையே பெரும் ஆபத்து. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் லிஸ்ரீரியா என்ற கிருமி புகுந்த மெதுமையான சீஸ் பலரை நோயில் வீழ்த்தியது. அந்நோய் கண்டதாகப் பதிவான 142 பேரில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும். கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. அந்தக் கிருமி இருப்பதை மணமோ சுவையோ காட்டிக்கொடுப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியிலும் அது வளரும். சரியாகக் காய்ச்சப்படாத பால் சேர்ந்ததே காரணமாயிருக்கலாம் என விசாரணையில் கருதப்பட்டது. நமது பட்டிகளில் மாடுகளுக்குக் கன்று விழச் செய்யும் புரூசெல்லா கிருமியும் பச்சைப் பால் வழியே மனிதருக்கு வரக்கூடியது. வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு நோவும் நெடுநாள் நீடிக்கும். புளிப்பு அதனை உடனே கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பாலைப் பொங்கவிட்டு, பொங்கிய பின்னும் சில நிமிடம் கொதிக்க விடுவதே காவல். விறகு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று.

காய்ச்சிய பின்னரும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. விரலில் சீழ்க்கட்டு உள்ளவர் பாலைத் தொட்டு உறை விட்டால், அதிலிருந்து வரும் கிருமி நஞ்சை உண்டாக்கிவிடலாம். அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும்.

உறையாத பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு உறை விட்ட பால் காலையிலும் பாலாகவே கிடந்தால், "இன்னும் கொஞ்சம் உறை போடுவோம்" என்பதே வழக்கம். அப்படிச் செய்ய வேண்டாம். புளிப்பேறாத இளஞ்சூட்டுப் பாலில் இரவு முழுவதும் எந்தக் கிருமியும் வளர்ந்திருக்கலாம். உறை பழையதாயிருக்கலாம், பால் சூடாயிருக்கும்போதே உறை விட்டிருக்கலாம். மடி வீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பால் கலந்ததாலும் அப்படி நேரும். நோய்க்கிருமியைக் கொல்லும் அம்மருந்து உறைப் பற்றீரியாவையும் கொல்லும். மிருக வைத்தியர் சொல்லும் நாட்கள் கழியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, உறை விடவும் கூடாது. அந்த நாட்களின் வருமானம் போவது பட்டிக்காரருக்குப் பாரமே. பால் சேகரிக்கும் சங்கங்கள் இதற்கென ஒரு சிறு நிதி வைத்தால் மறைத்துக் கலக்கும் எண்ணம் குறையும் என்பது நமது கருத்து.

சந்தேகமான தயிரைக் கன்றுக்கோ நாய்க்கோ வைக்காமல் எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடிவிடுங்கள். மண்சட்டியின் நுண்துளைகளில் கிருமி தங்குவதால், அந்தச் சட்டியில் மறுபடி உறை விட வேண்டாம். அடியில் ஓட்டை போட்டால் மிளகாய்க் கன்று வைக்க உதவும்.